கோடு தொடாத மழை

2023 அக்டோபர் 11

இன்று மழைப் போத்தலுக்குப் பூசை நடந்தது. சிரிக்காமல் எழுத முடியவில்லை.

மழைப் போத்தல் என்று தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் நாங்கள் சொல்வது மழை அளக்கும் பிளாஸ்டிக் குழாயைத்தான். மண் சரியக்கூடிய இடம் என்று எங்கள் மேல் லயத்தைக் குறித்துவிட்டு, போன வருடம் பதுளையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று கோடுகள். மஞ்சள் தொட்டால் கவனம். செம்மஞ்சள் தொட்டால் மூட்டை கட்டு. சிவப்பு தொட்டால் லயமே எழுந்து பாடசாலைக்குப் போய்விட வேண்டும். பார்த்துச் சொல்கிற வேலை எனக்கு. நாள் முழுக்கப் பிள்ளைக்காம்பிராவில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு லயத்தோடேயே கிடப்பவள் நான் ஒருத்திதானே.

இதுவரை பிள்ளைக்காம்பிரா வாசலில்தான் இருந்தது. பிள்ளைகள் கல்லைப் போடும். ஆடு வந்து முதுகைத் தேய்க்கும். இராசையா பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. மேல் லயத்தின் முதல் காம்பிரா அவருடையது, கோயில் சாவியும் அவரிடம்தான். "மழையக் குடுக்கிறவ மாரியாத்தா. அளக்கிற சாமான் அவ கண்ணு முன்னாடியில்ல இருக்கணும்" என்று சொல்லி, இன்று அதைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கோயில் முகப்புச் சுவரை ஒட்டி நட்டுவிட்டார். மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, தேங்காயும் உடைத்தாயிற்று. அவர் மனைவி பாக்கியலெட்சுமி பெரியம்மா விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்.

போத்தலைத் தந்த பஸீல் சேர், திறந்த வெளியில் வைக்க வேண்டும் என்று சொன்னது ஞாபகம் வந்தது. கோயில் வாசலும் வெளிதானே, கல் போட ஆள் இல்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி தினமும் காலையில் வேதக்காரி நான் போய் மாரியம்மன் கோயில் கேட்டைத் திறக்க வேண்டும். அந்தோனியார் கோபிக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 12

போத்தலில் மழை இல்லை. ஒரு செவ்வரத்தம் பூ மட்டும் கிடந்தது.

அக்டோபர் 30

விதுஷா காலையில் மகனை இறக்கிவிடும்போதே அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். "இவனுக்குக் காய்ச்சல் வரப்போகுது. இன்னைக்கு வீட்டுல வச்சுக்க" என்றேன். "சூடே இல்லையே டீச்சர்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்கு ஓடிவிட்டாள். பின்னேரம் வந்து தூக்கும்போது பிள்ளை அனலாகக் கொதித்தது.

"எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டாள். எனக்கே தெரியாது. கையை வைத்தால் தெரியும், அவ்வளவுதான். பிள்ளைக்காம்பிராவில் ஒரு வெப்பமானி இருக்கிறது. பற்றரி போய் எத்தனையோ மாதம். நான் தேடவே இல்லை.

இரவு என் வீட்டுக்காரருக்குப் போனில் சொன்னேன். கொழும்பில் கடை மூடிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அந்தக் கைய இன்சூர் பண்ணி வைக்கணும்டி" என்றார். பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

நவம்பர் 14, பாடசாலை மண்டபம்

பென்சில்தான் இருக்கிறது.

மழை விடாமல் கொட்டி இது எத்தனையாவது நாளோ. காலையில் போத்தலில் தண்ணீர் செம்மஞ்சளைத் தாண்டி நின்றது, சிவப்பைத் தொடவில்லை. ஆனால் மலை ஊற்றிலிருந்து பீலியில் வந்த தண்ணீர் பால் ஊற்றாத பிளேன்டி நிறத்தில் இருந்தது. குடத்தை வைத்த பாக்கியலெட்சுமி பெரியம்மா அப்படியே கவிழ்த்துவிட்டுப் போனார். மலையிலிருந்து ஒரு பச்சை மண் வாசம். கிழங்குக்குக் கிண்டும்போது வருமே, அது. மழை நாளில் அந்த வாசம் எங்கிருந்து வரும்? யார் கிண்டினார்கள்?

பஸீல் சேருக்கு அடித்தேன். சிக்னல் இல்லை. பயிற்சி வகுப்பில் அவர் சொன்னது நினைவிருந்தது. "கோட்ட மட்டும் பாக்காதீங்க. பீலி கலங்குதா, நிலம் வெடிக்குதா, கதவு இறுகுதாண்டு நீங்களும் பாருங்க. பதுளையில இருக்கிற எனக்கு உங்க மலை தெரியாது. நீங்கதான் முடிவெடுக்கணும்."

எடுத்தேன். காம்பிரா காம்பிராவாகத் தட்டினேன். தோட்டத் தலைவர் தினேஸ் மட்டும் கேட்டான், "சிவப்பு தொட்டுருச்சா டீச்சர்?" "தொடல. தொடுற வரைக்கும் நிக்கக் கூடாது" என்றேன். தலைவர் என்று பேர், சின்னப் பையன், முணுமுணுத்துக்கொண்டே புறப்பட்டான்.

இராசையா பெரியப்பா கம்பளிக்குள் சுருண்டிருந்தார். இழுப்பு. மழை தொடங்கியதிலிருந்தே இழுக்கிறதாம். என்னைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார். "ஏம்புள்ள, நெசமாவே மலை வருமா?"

"வரும் பெரியப்பா. எந்திரிங்க."

கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. குறுக்குப்பாதை ஏற்றத்தில் அவர் முன்னால், பெரியம்மா பின்னால் அவர் தலைக்குமேல் பிளாஸ்டிக் படங்கைப் பிடித்தபடி. காற்று படங்கைப் பிடுங்கிக்கொண்டே இருந்தது.

வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. வரும்போல இருக்கிறது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னால் அந்த மனிதர் எழுந்திருக்க மாட்டார். அதனால் வரும் என்றேன்.

இப்போது அந்த மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மூச்சுச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. இழுக்கிற பம்ப்பில் மருந்து முடிந்துவிட்டது. கீழே ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறதாம், வெட்டாமல் வாகனம் வராது. தினேஸும் இன்னும் சில பேரும் கத்தியோடு போயிருக்கிறார்கள்.

அந்தோனியாரே.

நவம்பர் 15

பெரியப்பா விடியும்போது போய்விட்டார். மழை விட்டிருக்கிறது. மலை அப்படியே நிற்கிறது.

நவம்பர் 19

நேற்றோடு சடங்கெல்லாம் முடிந்தது. எல்லோரும் லயத்துக்குத் திரும்பியாயிற்று. ஒரு தகரம் அசையவில்லை. ஒரு கல் உருளவில்லை. பீலியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி வருகிறது.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மயானத்திலிருந்து வரும்போது தினேஸ் யாரிடமோ, "கோடு தொடலன்னு டீச்சரே சொன்னாங்க. பெறகு எதுக்கு அவசரம்?" என்றான். என் காதில் விழட்டும் என்று சொல்லவில்லை. விழுந்துவிட்டது.

இன்று காலை பிள்ளைக்காம்பிராவுக்குப் போகும்போது பெரியம்மா தன் வாசல் இஸ்தோப்பில் நின்றார். வெள்ளைச் சேலை. என்ன சொல்லிக் கும்பிடுவது என்று யோசித்துக்கொண்டே நெருங்கினேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து மலையைப் பார்த்தார்.

"மலை விழுந்துருச்சா புள்ள?"

கோபமாகக் கேட்கவில்லை. பசறை பஸ் போய்விட்டதா என்று கேட்கிற குரல். நான் பதில் சொல்லாமல் நடந்துவிட்டேன்.

நவம்பர் 20

இன்றும் கேட்டார்.

டிசம்பர் 6

கீழ்ப்பாதையால் சுற்றிப் போனால் பெரியம்மாவின் வாசலைத் தாண்ட வேண்டியதில்லை. தேயிலைக்குள் நனைந்துகொண்டு நடக்க வேண்டும், அவ்வளவுதான். காலையில் முச்சந்தியில் நின்று யோசித்தேன். எந்தப் பாதையில் போவது என்று முடிவெடுக்க எனக்கு அவ்வளவு நேரம். பிறகு அவர் வாசல் வழியாகவே போனேன். ஓடி ஒளிந்தால் அது இன்னும் அசிங்கம்.

"மலை விழுந்துருச்சா புள்ள?"

"இல்ல பெரியம்மா" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். இதைக் கேட்கத்தான் காத்திருந்தார்போல. நாளைக்கும் காத்திருப்பார்.

பெரியப்பாவின் கைத்தடி பாடசாலை மண்டபத்து மூலையிலேயே சாத்தியபடி இருக்கிறதாம். கொண்டுவந்து தரவா என்று பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். "அவரு வச்ச எடத்துல இருக்கட்டும்" என்றாராம்.

டிசம்பர் 25

எல்லாக் காம்பிராவுக்கும் கேக் கொடுத்தேன். பெரியம்மா தட்டை வாங்கிக்கொண்டார். "இவருக்குக் கேக்குன்னா புடிக்கும்" என்றார். வாங்கிக்கொண்டாரே என்று நிம்மதியாகத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் கேட்டது அந்தக் கேள்வி. இன்றைக்குமா? நல்ல நாளும் பொழுதுமா இன்னைக்குமா கேக்கணும்? வீட்டுக்கு வந்து மிச்சக் கேக்கை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

2024 ஜனவரி 28

பாவசங்கீர்த்தனம். எல்லாவற்றையும் சொன்னேன். பாதர் பொறுமையாகக் கேட்டார். "தெரிஞ்சு செஞ்சாத்தானம்மா பாவம். நீ நல்லத நெனச்சுச் செஞ்ச. இது பாவத்துல வராது" என்றார்.

"பாவம்னா நீங்க மன்னிச்சிருவீங்க பாதர். பாவம் இல்லன்னா யாருகிட்ட போறது?"

அவர் ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். கோபத்தோடுதான் சொன்னேன்.

நான் செய்தது தப்புத்தான் என்று யாராவது அடித்துச் சொன்னாலும் தலை குனிந்துகொள்வேன். சரிதான் என்று சொன்னால் தூங்குவேன். போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்தச் சாமிக்கும் சொல்லத் தெரியவில்லை. மலை வரவில்லை. ஆனால் வருவதற்கு ஒரு மயிரிழைதான் இருந்ததோ? அந்த இழவு மண் வாசம் பொய்யா? என் மூக்குப் பொய்யா?

மார்ச் 8

பகல் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தொட்டில்களில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பின்சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். நீளமாக, இழுத்து, கடைசியில் ஒரு கனைப்பு. எனக்குத் தெரிந்த இருமல்.

எழுந்து போய்ப் பார்த்தேன். கோழிதான் கிளறிக்கொண்டிருந்தது. வடிகால் ஓரக் கானுக்கட்டில் தடி ஊன்றுகிற சத்தம் மேல் லயத்துப் பக்கம் போனது. அல்லது பீலித் தண்ணீர் தகரத்தில் சொட்டியதாக இருக்கும். இருக்கட்டும்.

உள்ளே வந்தால் விதுஷாவின் மகன் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "யாருடா இருமுனது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தாத்தா" என்றான்.

அவனுக்கு வயசானவர் எல்லோரும் தாத்தாதான். எந்தத் தாத்தா என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 17

வெப்பமானிக்குப் பற்றரி வாங்கிப் போட்டுவிட்டேன். ஒரு பிள்ளையை மூன்று தடவை பார்க்கிறேன். இன்று விதுஷாவின் மகனுக்கு அது கொஞ்சம் கூடக் காட்டியது. கையை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை, வேறு யாருடைய கையையோ வைத்த மாதிரி. கொழுந்து மலையிலிருந்து விதுஷாவைக் கூப்பிட்டு டிஸ்பென்சரிக்கு அனுப்பினேன். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். அவளுக்கு அன்றைய வேலை போயிற்று. "முன்னயெல்லாம் நீங்க கை வச்சா போதுமே டீச்சர்" என்றாள். வையவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். வைததைப்போல வலித்தது.

நேற்றுக் கருவாட்டுக் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிப் பக்கத்துக் காம்பிராவுக்குக் கொண்டுபோய் உப்புச் சரியா என்று கேட்டேன். என் வாயில் இருக்கிற நாக்கு எதற்கு? அவருக்குச் சொன்னால் போனில் சிரிக்கிறார். பிறகு, "பேசாம கொழும்புக்கு வந்துரு ஜெசி. வர்றதா வேணாமான்னு நீயே முடிவு பண்ணு" என்றார்.

அதுதானே முடியவில்லை மனுசா.

செப்டெம்பர் 30

பஸீல் சேர் போன் எடுத்துக் கூப்பிட்டார். மழைக்காலம் தொடங்குகிறது, போத்தலைக் கழுவி வைத்தீர்களா என்று கேட்டார்.

"சேர், இந்த வருசம் நான் கோட்ட மட்டுந்தான் பாப்பேன். தொட்டா போவோம், தொடலன்னா இருப்போம். என் யோசனையெல்லாம் வேணாம்."

"கோடு மட்டும் போதுமெண்டா மிஷின் ஒண்டப் பூட்டிட்டுப் போயிருப்பேனே. உங்கள ஏன் வச்சேன்?"

"தெரியாமத்தான் வச்சிட்டீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மரியாதை இல்லாத வேலை. ஆனால் மனசு லேசாக இருந்தது. இனிக் கோடு பேசட்டும். யாராவது செத்தால் கோட்டிடம் போய்க் கேட்டுக்கொள்ளட்டும்.

நவம்பர் 24

மழை பிடித்துக்கொண்டது. வடக்கிலிருந்து காற்றோடு சாய்ந்து அடிக்கிறது, குடை நிற்கவில்லை. போத்தலில் செம்மஞ்சளுக்குக் கொஞ்சம் மேலே. சிவப்புக்கு இன்னும் இருக்கிறது.

பெரியம்மா இஸ்தோப்பில் நின்றார். கேட்டார். "இல்ல பெரியம்மா."

நவம்பர் 26, காலை

கோயிலுக்குப் போனேன். கேட் மூடவில்லை. கொண்டி பொருந்தவே இல்லை, நேற்றுப் பொருந்தியது. மழை ஈரத்துக்கு ஊதியிருக்கும் என்று நினைத்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பாதி வழியில்தான் உறைத்தது. மரக்கதவென்றால் ஊதும். அது இரும்புக் கேட். இரும்பு எங்கே ஊதும்? தூண் நகர்ந்திருக்கிறது.

பீலி நின்றுவிட்டது. கலங்கவில்லை, நின்றேவிட்டது. இந்த மழையில்.

மறுபடியும் போய்ப் போத்தலைப் பார்த்தேன். சிவப்புக்கு ஒரு விரல் கீழே. குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன். தொடவில்லை.

சிக்னல் இல்லை. கரண்டும் இல்லை. பிள்ளைக்காம்பிராவில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், எழுதினால் ஏதாவது தெரியும் என்று. ஒன்றும் தெரியவில்லை. லயத்தில் இழுப்புக்காரர் யாரும் இப்போது இல்லை. ஆனால் விதுஷாவின் அம்மாவுக்குக் கால் ஏலாது. இன்னொருத்திக்குக் குழந்தை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. குறுக்குப்பாதை சேறு. யாராவது வழுக்கி விழுந்தால்? அந்தக் குழந்தைக்குக் குளிர் பிடித்தால்?

கோடு தொடல. தொடலயே. நான் என்ன செய்ய?

பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருமல். இன்று நான் எழுந்து பார்க்கவில்லை. "சொல்லுங்க பெரியப்பா, நீங்களே சொல்லுங்க" என்றேன். மழைக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை, காலித் தொட்டில்கள்தான் கேட்டன.

அதே நாள், பாடசாலை மண்டபம்

வந்துவிட்டோம். எல்லோரும்.

லயத்து முற்றத்தில் நின்று கூப்பிட்டேன். மழையினால் யாரும் வேலைக்குப் போகவில்லை, எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். வந்தார்கள், இறங்கவில்லை. தினேஸ் கேட்டான். "கோடு தொட்டுருச்சா டீச்சர்?"

ஒரு பொய் போதும். நாக்கு நுனிவரை வந்தது. போன வருடம் சொன்ன "வரும்" நினைவுக்கு வந்தது, சொல்லவில்லை.

"தொடல. ஆனா பீலி நின்னுருச்சு, கோயில் கேட்டு மூட மாட்டேங்குது. மலை வருமான்னு கேட்டா எனக்குத் தெரியாது. போயிரணும்னு எனக்குத் தோணுது."

"தோணுதா?" என்றான் தினேஸ். "போன வருசமும் இப்படித்தான் தோணுச்சு. பெரியப்பாவப் பொணமாத் தூக்கிட்டு வந்தோம். இன்னைக்கு யாரத் தூக்கணும்?"

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மரத்தை வெட்டி வழியைத் திறந்துவிட்டு ஓடி வந்தபோது பெரியப்பாவின் கண்ணை மூடியிருந்தார்கள். அதைப் பார்த்தவன் அவன்.

அப்போது முதல் காம்பிராவின் கதவுச் சத்தம் கேட்டது. பாக்கியலெட்சுமி பெரியம்மா வெளியே வந்தார். சேலையில் கட்டிய மூட்டை ஒன்று. கதவை இழுத்துப் பார்த்தார், அதுவும் மூடவில்லை. விட்டுவிட்டு முற்றத்தில் இறங்கி மழைக்குள் வந்து நின்றார்.

"அன்னைக்கு அந்த மனுசன் மூச்சு முட்டிக்கிட்டு இருந்தாரு. இவ எந்திரிங்கன்னா. ஒரு வார்த்த பேசாம எந்திரிச்சு நடந்தாரு" என்றார். "எனக்கென்ன நோவு? நான் நடக்க மாட்டேனா?"

என் முகத்தைப் பார்க்கவில்லை. குறுக்குப்பாதையில் ஏறத் தொடங்கிவிட்டார். விதுஷா மகனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். அப்புறம் ஒவ்வொருவராக. கடைசியில் தினேஸ், விதுஷாவின் அம்மாவை முதுகில் சுமந்துகொண்டு.

மண்டபத்தில் அந்தக் கைத்தடி சாத்திய இடத்திலேயே இருந்தது. பெரியம்மா மூட்டையை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் எதிர்ச் சுவரில். எல்லோருடைய மூச்சையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பச்சைக் குழந்தையின் மூச்சை எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன். அதன் தாய்க்கு என்மேல் எரிச்சல் வந்துவிட்டது.

நவம்பர் 27

வந்தது.

காலையில், பிளேன்டி ஊற்றிக்கொண்டிருக்கும்போது. லொறியில் கருங்கல் கொட்டுகிற சத்தம், நிற்காமல். ஓடிப்போய் மேட்டுத் திட்டியில் நின்று பார்த்தோம். கோயில் பக்கத்துப் பாதி லயம் இல்லை. பெரியப்பா வீடு இல்லை. என் வீட்டுக் கூரை மண்ணுக்கு மேலே சட்டி கவிழ்த்த மாதிரி தெரிந்தது. தினேஸின் மாடு போய்விட்டது. ஆட்கள் யாரும் அதற்குள் இல்லை. யாருமே இல்லை.

பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். தினேஸ் என் காலைத் தொட வந்தான், தள்ளிவிட்டேன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வரும் என்று அடித்துச் சொன்ன வருடம் வரவில்லை. தெரியாது என்று சொன்ன வருடம் வந்தது. இதில் என் கெட்டித்தனம் எங்கே இருக்கிறது?

பெரியம்மா இன்று எதுவும் கேட்கவில்லை.

நவம்பர் 30

சாப்பாட்டுப் பார்சலோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சாப்பிடாமல் கேட்டார்.

"அப்போ அன்னைக்கும் வந்திருக்குமா புள்ள?"

வந்திருக்கும் என்று சொன்னால் அவருக்கு ஒரு ஆறுதல். புருஷன் வீணாகச் சாகவில்லை என்று ஆகும். எனக்கும் ஆறுதல். சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

"தெரியல பெரியம்மா."

"ம்" என்றார். அழுதோம். ஒரு வருடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது இன்றுதான்.

டிசம்பர் 4

பஸீல் சேர் வந்தார். கோயில் முகப்புச் சுவர் மட்டும் எப்படியோ நிற்கிறது. அதை ஒட்டிப் போத்தலும், குங்குமப் பொட்டோடு. பத்திரிகைக்காரர் ஒருவர் என்னை அதன் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார். மழைப் போத்தல் காப்பாற்றியதாம்.

பஸீல் சேர் போத்தலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், வடக்கே திரும்பி நின்று கையை நீட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"காத்து அங்கேருந்து. மழ சாஞ்சு வரும். பாதி மழ இந்தச் சுவர்ல அடிச்சிட்டுப் போயிருக்கும், போத்தலுக்குள்ள விழுந்திராது. இது எப்பவும் கொறச்சுத்தான் காட்டியிருக்கு. போன வருசமும் சிவப்பத் தாண்டியிருக்கும், உங்களுக்குத் தெரிஞ்சிராது." பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பினார். "இங்க கொண்டந்து நட்டது யாரு?"

லயத்து ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். எல்லோருக்கும் தெரியும். அந்தப் பூசைத் தேங்காயில் எல்லோரும் ஒரு சில்லுத் தின்றவர்கள். பெரியம்மா என் பக்கத்தில்தான் நின்றார். விளக்குப் பிடித்த கை சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"நாந்தான் சேர்" என்றேன்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, வெளியில வைங்கண்டு! இவ்வளவு வெளங்கினவங்க நீங்களே இப்படிச் செஞ்சா?"

தினேஸ் வாயைத் திறந்தான். என் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான். சேர் திட்டி முடிக்கும்வரை நான் பொட்டு வைத்த போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டிசம்பர் 5

ஏன் அப்படிச் சொன்னேன்? பெரிய மனசு என்றெல்லாம் இல்லை. செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. சாமிக்கு முன்னால் வைத்தால் நல்லது என்று அவருக்குத் தோன்றியது, இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. வெளியில் வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அப்படிப் பார்த்தால் நட்டவள் நான்தான்.

ஒரு வருடமாகக் கோடு கோடு என்று கட்டிக்கொண்டு அழுதேன். அந்தக் கோடும் இரண்டு பேருக்குத் தோன்றியதில்தான் நின்றிருக்கிறது.

நேற்று நான் சொன்னது சரியா? பெரியம்மாவுக்கு அது நல்லதா, கெட்டதா? தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் போவதில்லை.

2025 ஜனவரி 12

பழைய தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்தில் படங்குக் கூடாரங்களில் இருக்கிறோம். பிள்ளைக்காம்பிராவும் ஒரு கூடாரம்தான். புதுப் போத்தல், விளையாட்டு மைதானத்தின் நடுவில், சுற்றிவர ஒன்றுமில்லாமல். தினேஸ் முள்வேலி போட்டிருக்கிறான். பொட்டு மட்டும் யாரோ வைத்துவிட்டார்கள்.

காலையில் தூறல். போத்தலைப் பார்த்துவிட்டு வந்தபோது பெரியம்மா பிள்ளைக்காம்பிராக் கூடார வாசலில் நின்றார். இடுப்பில் அந்தச் சேலை மூட்டை. அண்ணாந்து மலையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"இன்னைக்குப் போகணுமா புள்ள?"

கோடு மஞ்சளைக்கூடத் தொடவில்லை என்று சொல்ல வந்தேன். அவர் கோட்டைக் கேட்கவில்லை.

"தெரியல பெரியம்மா. வேணாம்னு தோணுது."

"தோணுதுன்னா சரி."

உள்ளே வந்து மூட்டையைத் தொட்டில் பக்கம் வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை என் பக்கம் சாய்த்தார். "நேத்துல இருந்து ஒடம்பு ஒரு மாதிரியா இருக்கு. காயுதான்னு பாரு."

வெப்பமானி அலுமாரித் தட்டில்தான் இருந்தது. எடுக்க எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நெற்றியில் புறங்கையை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். கூடாரத்துக்குப் பின்னால் யாரோ இருமினார்கள், நீளமாக, கடைசியில் ஒரு கனைப்போடு. அவர் கண்ணைத் திறக்கவில்லை. எனக்குக் கேட்டதுதான் அவருக்கும் கேட்டது என்று அவர் நெற்றி சொன்னது.

லேசான காய்ச்சல். இன்று முழுக்க என்னோடேயே இருக்கச் சொல்லிவிட்டேன். கஞ்சி வைத்துக் கொடுத்தேன், உப்பு நானே பார்த்துப் போட்டேன். மூட்டையை மட்டும் அவர் அவிழ்க்கவில்லை. நானும் அவிழ்க்கச் சொல்லவில்லை.